மணவறையில் இரண்டு ஆடுகள்

இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்து, மெல்ல மெல்ல ஒன்றையொன்று நோக்கிக் கொண்டுவருகிறார் வசீகரன். "கொஞ்சம் கிட்ட... இன்னும் கிட்ட... ஆ, காணும்." எதிரே இருப்பவை இரண்டு டீசல் பரல்கள். நெடுந்தீவுப் படகுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கிற அவை அசையவில்லை. கடைசியில் தாமே போய் ஒன்றை உருட்டி மற்றதோடு ஒட்டவைத்துவிட்டு, ஓடிவந்து கமராவுக்குப் பின்னால் குனிகிறார்.

இருபத்தாறு வருடமாகத் தீவுப்பகுதிக் கலியாணங்களைப் படம் பிடிக்கிற கை அது. கூச்சத்தில் ஒரு முழம் தள்ளி நிற்கிற மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் நெருங்கவைக்கத் தொடங்கிய சைகை, இப்போது ஆள், மாடு, பரல் என்று வித்தியாசம் பார்ப்பதில்லை. "சந்தையில ரெண்டு பூசணிக்காய் தள்ளித் தள்ளி இருந்தாலும் இந்த மனுசனுக்குப் பொறுக்காது" என்கிறார் மனைவி கேதீஸ்வரி.

லென்ஸ் துடைக்கிற துணியை வசீகரன் ஒரு திருநீற்று டப்பாவில் வைத்திருக்கிறார். டப்பாவைக் கழுவியதில்லை, கழுவினால் ராசி போய்விடுமாம். அவர் எடுத்த சில கலியாணங்களில் தாலி கட்டும் நேரத்தில் லேசான மூடுபனி தெரிவது இதனால்தான். வெளிநாட்டு உறவினர்கள் அதை விசேஷ நுட்பம் என்று நினைத்துப் பாராட்டுகிறார்கள். அவரும் மறுப்பதில்லை.

செத்தவீடுகளையும் அவரே ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் நேரலையாக அனுப்புகிறார். அங்கேயும் அவர் சும்மா நிற்பதில்லை. "அக்கா, இப்ப கனடாவில மூத்தவர் பாத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் இஞ்சாலப் பக்கம் திரும்பி அழுங்கோ" என்று காதோடு சொல்வார். அழுகிறவர்களும் திரும்புவார்கள்.

தொழிலுக்கு அவர் வைத்திருப்பது கணினியில் ஐந்து கோப்புறைகள்: மாப்பிள்ளை, பொம்பிளை, தோழன், மணவறை, பந்தி. முதல் கணினி வாங்கிய வருடம் உண்டாக்கிய இந்த ஐந்தையும் ஒவ்வொரு வேலைக்கும் அப்படியே நகலெடுத்துக்கொள்வார். வேலை கலியாணமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. செத்தவீடு என்றால் செத்தவர் மாப்பிள்ளைக்குள் போவார். அவரைக் கிடத்தியிருக்கிற பந்தல் மணவறைக்குள் போகும். பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டில் மாப்பிள்ளை வெறுமையாகக் கிடக்கும் என்பதால் அதற்குள் தாய்மாமன்மாரைப் போட்டுவிடுவார். "பேரை மாத்தினா எனக்குத் தேடி எடுக்க ஏலாது" என்பது அவர் நியாயம். செத்தவீட்டுக்கு அவர் கமராப் பையைத் தூக்கும்போது கேதீஸ்வரி குசினிக்குள் இருந்தபடியே கேட்பார்: "இண்டைக்கு ஆர் மாப்பிள்ளை?"

ஐம்பத்தொரு வயதில் இந்த மனிதருக்கு ஓர் ஆசை பிடித்தது. ஒரு மாலையும் விழாத படம் ஒன்று எடுக்கவேண்டும். "நான் எடுத்ததை எல்லாம் அந்தந்த வீட்டுக்காரர்தானே பாக்கினம். அதுவும் தங்கட முகம் வாற இடம் மட்டும். என்னைத் தெரியாத பத்துப் பேர் இருட்டுக்குள்ள இருந்து பாக்கிற மாதிரி ஒண்டு செய்யவேணும்." யாழ்ப்பாணத்தில் ஒரு திரைப்படக் கழகம் இருபது நிமிட ஆவணப்படங்களைத் திரையிடப்போவதாக அறிவித்திருந்தது. வசீகரன் இறங்குதுறையைத் தேர்ந்தெடுத்தார். நான்கு மாதத்தில் முப்பத்தெட்டு மணித்தியாலப் படம் சேர்ந்தது. கடல், பேருந்து, ஆடு, மூட்டை, மனிதர்.

மனிதர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். எழுபத்திரண்டு வயது ஆழ்வாப்பிள்ளை நெடுந்தீவுக்குப் படகு ஓட்டியவர். முழங்கால் மறுத்த பிறகு படகை மகனிடம் கொடுத்துவிட்டு, துறையில் உட்கார்ந்து அது நேரத்துக்கு வெளிக்கிடுகிறதா என்று பார்க்கிறார். மனைவி காலமாகி வெகுகாலம். அறுபத்தாறு வயது இராசமணி துறைமுனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். கணவர் இல்லை, ஒரே மகன் நிசாந்தன் ரொறன்ரோவில். இவர்கள் இருவரும் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை. இராசமணியின் தங்கை மகளுக்கு நெடுந்தீவில் கலியாணம் நடந்த அன்று, பலகாரப் பெட்டியோடு அவர் துறைக்கு வந்தபோது ஆழ்வாப்பிள்ளை ஓட்டிய ஆறரைப் படகு போய்விட்டிருந்தது. அவர் ஐந்து நிமிடம் பிந்தி வந்தார் என்பது ஆழ்வாப்பிள்ளையின் கட்சி. படகு ஐந்து நிமிடம் முந்திப் போனது என்பது இராசமணியின் கட்சி. அந்தக் கலியாணத்தைப் படம் பிடிக்க வசீகரனும் அதே படகில்தான் இருந்தார். ஒன்பது வருடமாக யார் கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான்: "நான் அப்ப கமராவுக்குப் பற்றறி மாத்திக்கொண்டு நிண்டனான்."

முப்பத்தெட்டு மணித்தியாலத்தை இருபது நிமிடமாக்குவது எப்படி என்று தெரியாமல் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டார். எதைக் கேட்டாலும் தலைப்புப் போட்டு விளக்கியதால் அதற்கு 'மாஸ்ரர்' என்று பெயர் வைத்தார். முதல் வாரம் 'நீங்கள்' என்று கதைத்தார். இரண்டாம் வாரம் பழக்கம் முற்றி 'நீர்' ஆனது. "மாஸ்ரர், நீர் சொல்லுறது சரி. ஆனா இதில பாட்டு ஒண்டும் வேண்டாமோ?" பாட்டு வேண்டாம் என்றது அது. ரோசாப்பூ பறந்து வந்து படம் மாறுகிற உத்தியும் வேண்டாம் என்றது. அன்று வசீகரன் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு நேர்காணல்களை எழுத்தாக மாற்றி, கோப்புறைகளில் உள்ள காட்சிகளின் பட்டியலோடு சேர்த்து அனுப்பி, படத்துக்கு ஒரு கட்டமைப்பும் கதைச்சுருக்கமும் கேட்டார். வழக்கம்போல ஆழ்வாப்பிள்ளை மாப்பிள்ளைக்குள் இருந்தார். இராசமணி பொம்பிளைக்குள். பேருந்து நடத்துநர் தோழனுக்குள். துறையின் தகரக் கொட்டகை மணவறைக்குள்.

பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. 'கடலும் காத்திருப்பும்' என்று தொடங்கிய முதல் பத்தியின் அழகில் வசீகரனுக்குக் கண் கலங்கியது. ஊர்காவற்றுறையில் ஒரு புதுவீடு குடிபூரலுக்கு நேரமாகிவிட்டதால் மிச்சத்தை வாசிக்காமல், படகு நேரம் அறிவிக்கிற வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் புறப்பட்டார். அந்தக் குழுவில் முந்நூறு பேர். பத்து வருடமாகப் படகில் கால் வைக்காதவர்கள்கூட ரொறன்ரோவில் இருந்துகொண்டு காலைப் படகு ஓடுமா என்று தினமும் பார்க்கிறார்கள். 'நாளை ஏழு மணிச் சேவை இல்லை' என்ற அறிவித்தலுக்குக் கீழே அவர்கள் வாசித்தது இது:

"எழுபத்திரண்டு வயதான மணமகன் தன் மணமகளோடு ஒன்பது ஆண்டுகளாகப் பேசாதிருப்பதே இப்படத்தின் வலிமையான முரண். மூன்றாம் பகுதி திருமணத்தை நோக்கி நகர்கிறது. குறிப்பு: மணவறைக் காட்சிகளில் மணமக்களைக் காணவில்லை, இரண்டு ஆடுகள் மட்டுமே நிற்கின்றன. இது இயக்குநரின் திட்டமிட்ட குறியீடா?"

வசீகரன் வீடு குடிபூரலில் பால் பொங்குவதை எடுத்து முடிப்பதற்குள் நாற்பத்தேழு வாழ்த்துகள் வந்திருந்தன. பாரிசிலிருந்து ஒருவர் மண்டப வாடகையைத் தான் ஏற்பதாக எழுதியிருந்தார். நிசாந்தன் தாயை அழைத்து, "அம்மா, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே. நாங்கள் மறிச்சிருப்பமோ?" என்று நிதானமாகக் கேட்டார். அந்த நிதானம்தான் இராசமணியைப் பற்றவைத்தது.

"வசி! வெளியால வா!" வசீகரன் வீட்டுப் படலைக்கு வெளியே நின்றார் இராசமணி. கையில் வாய்ப்பன் பொரிக்கிற கண்ணகப்பை. "என்ர முகம் உந்தப் படத்தில வரக்கூடாது. முகம் என்ன, ஒரு நகம் வரக்கூடாது. என்ர கடை வரக்கூடாது, என்ர கடைப் புகை வரக்கூடாது!"

ஆழ்வாப்பிள்ளை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்து வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சீதனம் எவ்வளவு எண்டு அதில ஒண்டும் போடேல்லையே?"

படத்தை ஒப்படைக்கப் பதினொரு நாள் இருந்தது. இராசமணி இல்லாமல் மிஞ்சியது கடலும் ஆடும் நடத்துநரும்தான். வசீகரன் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தார். "டேய், நீ என்ன செய்து வைச்சிருக்கிறாய் தெரியுமே?" 'நீர்' போய்விட்டது. மாஸ்ரர் உடனே மன்னிப்புக் கேட்டது, கோப்புறைப் பெயர்களால் தவறாகப் புரிந்துகொண்டதாக விளக்கியது, இராசமணிக்குக் கொடுக்க ஒரு கடிதமும் எழுதித் தந்தது.

கடிதத்தோடு வசீகரன் இராசமணியின் கடைக்குப் போனார். உள்ளே இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே வாசித்தார்: "மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் மென்மையான உணர்வுகள் புண்பட்டமைக்கு..."

"நிப்பாட்டு. ஆர் எழுதினது? உன்ர வாயில இப்பிடித் தமிழ் வராது."

"போனில இருக்கிற மாஸ்ரர்தான் எழுதினது, அக்கா. கலியாணம் எண்டதும் அதுதான்."

"செய்ததும் அது, மன்னிப்புக் கேக்கிறதும் அது. அப்ப நீ என்னத்துக்கு?"

வசீகரன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு ஐந்து கோப்புறைகளின் கதையைத் தன் வாயாலேயே சொன்னார். இராசமணி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப உன்ர அப்பான்ர செத்தவீடு?"

"அப்பா மாப்பிள்ளைக்குள்ளதான் இருக்கிறார், அக்கா."

"கொம்மா?"

"பொம்பிளைக்குள்ள."

"விசரா, அவை ரெண்டு பேரையாவது சரியாப் போட்டிருக்கிறாய்" என்று சொல்லி ஒரு கோப்பை பிளேன்ரீயைத் தட்டி வைத்தார். வசீகரன் அதைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து இராசமணி கேட்டார்: "வேற என்ன சொன்னது அது?"

"ஒரு கேள்வி கேட்டது. உங்கள் ரெண்டு பேரிலயும் ஆர் சொல்லுறது சரி எண்டு. அந்த அஞ்சு நிமிசம்தான் முழுப் படமுமாம். கலியாணம் இல்லையாம்."

கண்ணகப்பை சட்டியின் விளிம்பில் நின்றது. "அதில என்ன கேள்வி? முந்தி வெளிக்கிட்டது அந்தாள். நீயும் வள்ளத்திலதானே நிண்டனீ? சொல்லன்!"

"நான் அப்ப பற்றறி..."

"உன்ர பற்றறியைக் கடலுக்க எறி." நெருப்பைக் குறைத்தார். "சரி, வாறன். ஆனா அந்தாளும் முன்னால இருக்கவேணும். உலகம் முழுக்கப் பாக்க அவற்ர முகத்துக்கு நேர சொல்லுவன். அவர் அந்த முனையில, நான் இந்த முனையில. ஒரு அங்குலம் கிட்ட வரச் சொன்னாயோ, எழும்பிப் போயிடுவன்."

அதையும் வசீகரன் மாஸ்ரரிடம் சொன்னார். "இருவருக்கும் இடையிலான வெற்றிடம் முழுவதும் சட்டகத்துக்குள் இருக்கட்டும், அதை எக்காரணம் கொண்டும் குறைக்க வேண்டாம்" என்று அது எழுதியது. "நீரும் அவவும் கதைச்சு வைச்சுக்கொண்டோ சொல்லுறியள்?" என்றார் வசீகரன். 'நீர்' திரும்பி வந்திருந்தது.

படப்பிடிப்பு மத்தியானம். இடம் தகரக் கொட்டகை. கோப்புறையில் இன்றைக்கும் அதற்குப் பெயர் மணவறைதான். உள்ளே உட்காருவதற்கு நீளமான சீமெந்து வாங்கு. ஒரு முனையில் சவரம் செய்த ஆழ்வாப்பிள்ளை. மறுமுனையில் கடைச் சேலையோடேயே வந்த இராசமணி. நடுவில் ஆறு பேர் தாராளமாக இருக்கலாம். அந்த இடத்துக்குக் கீழே இரண்டு ஆடுகளும் நிழலில் படுத்து அசைபோட்டன.

இருவரும் கடலைப் பார்த்தார்கள். கமரா ஓடியது.

"ஆறரை எண்டா ஆறரை" என்றார் ஆழ்வாப்பிள்ளை, கடலைப் பார்த்து.

"என்ர மணிக்கூட்டில ஆறு இருபத்தஞ்சு."

"அப்ப மணிக்கூட்டைத் திருத்தவேணும்."

"திருத்த ஆள் இருந்தால் நான் ஏன் உம்மட வள்ளத்துக்கு ஓடி வாறன்?"

ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒருவரிடம் ஒருவர் சொன்ன முதல் சொற்கள் இவை. கமராவின் சின்னத் திரையில் இடப்பக்க ஓரத்தில் ஒருவர், வலப்பக்க ஓரத்தில் ஒருவர், நடுவில் வெறும் சீமெந்து. வசீகரனின் இரண்டு கைகளும் தம் பாட்டுக்கு மேலே எழுந்தன. நெஞ்சுக்கு நேரே வந்தன. உள்ளங்கைகள் விரிந்தன.

இராசமணி அதைக் கண்டுவிட்டு, வாங்கில் இருந்து எழும்பப் பார்த்தார்.

வசீகரன் வலது கையை இடது அக்குளுக்குள்ளும் இடது கையை வலது அக்குளுக்குள்ளும் செருகிக்கொண்டார்.

"என்னடா, கை குளிருதோ?" என்றார் இராசமணி, பாதி எழும்பியபடி.

தகரம் சுடுகிற அந்த வெயிலில், நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியும் துடைக்காமல், அவர் இன்னும் இறுக்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.