ஒரு பொதிக்காகத் திறந்த களஞ்சியம்

கட்டளையைத் தட்டி முடித்ததும் அவள் எண்டரை அழுத்திவிட மாட்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, அடித்த வரியை உதடு அசையப் படிப்பாள். பிறகுதான் ஒரு விரலுக்கு விடுதலை. குடிநீர்ப் புகார் அலுவலகத்தின் லினக்ஸ் கணினிகள் அவள் பொறுப்பு. அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் தாழ்ப்பாள்.

இன்னும் சோதனையில் இருக்கும் அப்டேட்டுகளை முன்கூட்டியே தரும் களஞ்சியம் ஒன்று உண்டு. வேண்டுமென்றால் திறந்துகொள்ளலாம், இல்லையேல் மூடியே கிடக்கும். போன வருடம் எதற்கோ திறந்தவள் மூட மறந்துவிட்டாள். அரைவேக்காட்டு அப்டேட்டுகள் எல்லாக் கணினிகளிலும் இறங்கி, பிரிண்டர்கள் படுத்துவிட்டன. பட்டப்பெயர் அப்போது ஒட்டியது.

இந்த வாரம் படுத்தது ஒரு குரல். தொலைபேசி மேசை அண்ணனுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கணினி வாசிக்க, காதால் கேட்டுப் புகார்களைப் பதிவார். புதன்கிழமை வந்த வழக்கமான அப்டேட்டோடு அந்தக் குரல் நின்றுபோனது.

"திங்கட்கிழமைக்குள்ள சரியாகலன்னா அந்த நாற்காலியில வேற ஆளைத்தான் உட்கார வைக்கணும்," என்றார் மேனேஜர், வியாழக்கிழமை மாலை.

"திருத்தம் வந்துடுச்சு சார். ஆனா சோதனைக் களஞ்சியத்துலதான் இருக்கு."

"மறுபடியுமா? போன தடவை நான் வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா, தாழ்ப்பாளம்மா?"

"பலியாட்டுல போட்டுப் பார்த்துட்டேன் சார். உயிரோடதான் இருக்கு." மூலையில் கிடக்கும் பழைய சோதனைக் கணினிக்கு அங்கே அதுதான் பெயர். "திருத்தம் இருக்கிற அந்த ஒரு மென்பொருள் பொதியை மட்டும் எடுப்பேன். கெட்டுப்போச்சுன்னா என் நாற்காலியை எடுத்துக்குங்க."

மேனேஜர் முகம் கொடுக்காமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவள் அசரவில்லை. மறுநாள் காலை அவர் பையை வைக்குமுன் எதிரே போய் நின்றாள்.

"சரி, செய். மூட மறந்தே, தொலைஞ்சே."

களஞ்சியம் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் திறந்து மூடும்படி அண்ணனின் கணினியில் எழுதினாள். கைகளைச் செருகிக்கொண்டு படித்தாள். நல்லவேளை! பொதியின் பெயர் விட்டுப்போயிருந்தது. அப்படியே அழுத்தியிருந்தால் களஞ்சியமே குடிபெயர்ந்து வந்திருக்கும்.

"என்னம்மா, மந்திரம் போடுறியா?"

"கொஞ்சம் பேசாம இருங்கண்ணே."

"நானா? பேசாம இருக்கிறது உன் கணினிதானே!"

பெயரைச் சேர்த்து அழுத்தினாள். இறங்கியது அந்தப் பொதி மட்டும். களஞ்சியம் மூடியிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு திரையை வாசிக்கத் தொடங்கியது. அண்ணன் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"குடிநீர்ப் புகார், சொல்லுங்க."

மாதங்கள் கழித்து மேனேஜரின் மனைவி அவளிடம் பேச்சுவாக்கில் சொன்னாள்: அந்த வியாழக்கிழமை மாலை அவர் வீட்டுக் கணினியில் அதே பொதியை இறக்கி, திரையை அணைத்துவிட்டு, குரலை மட்டும் நம்பி, சாப்பிடக் கூப்பிடும்வரை இல்லாத ஊருக்குப் புகார் பதிந்துகொண்டிருந்தாராம்.