தண்ணீர் என்றால் தப்பாம்

கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே, முகப்பில் தோசைக்கல் போட்டுக் கடை வைக்க இடம் பிடிப்பதென்றால் சும்மாவா? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து எச்சில் இலை எடுத்த ஆறுமுகசாமி பிடித்துக் காட்டினார். பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் அதே வரிசையில் கடை திறந்து, பூட்டிவிட்டுப் போனார்கள். இவர் கடையில் காலையில் உட்கார இடம் கிடைக்காது. அதில் பாதிப் பெருமை முகப்பில் நின்று தோசை வார்க்கும் மனைவி சுடலைமாடத்திக்கு என்று அவரே சொல்வார். மீதிப் பாதி யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

அந்தச் சுடலைமாடத்திக்குத்தான் மறதி நோய் தொடங்கிவிட்டதென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பஸ் புகையிலேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு அல்சைமர் நோய் கூடுதலாக வருகிறதா என்று பத்மஜா என்ற விஞ்ஞானி ஆராய்ந்துகொண்டிருந்தார். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். புகையை அளக்கும் பெட்டியைக் கடைச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டபோது, ஆறுமுகசாமியே ஸ்டூலில் ஏறி ஆணி அடித்துக் கொடுத்தார். பிறகு நீது என்ற உதவியாளர் வந்து அந்த வரிசைக் கடைக்காரர்களுக்கு ஞாபகச் சோதனை வைத்தாள். முடிவு, கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் செல்வகணேஷின் போனுக்குப் போனது. அவன் உடனே கடைக்குக் கூப்பிட்டான்.

"அப்பா, அம்மா இனி அடுப்புப் பக்கம் போகக்கூடாது. கேஸைத் திறந்துவிட்டுட்டு மறந்துட்டாங்கன்னா? என் ஃப்ளாட்டுக்கு அனுப்பிருங்க."

"எல, ஒங்கம்மைக்கா மறதி? நீ எந்தக் கிளாஸ்ல எதுக்கு அடி வாங்கினன்னு கேளு, இப்பச் சொல்லுவா!"

"ரிப்போர்ட்ல போட்டிருக்குப்பா."

"அதைத் தூக்கி அடுப்புல போடு!"

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுடலைமாடத்தி தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். "நெசமாவே எனக்குக் கோட்டி புடிச்சிட்டா?" என்று கேட்டாள். அன்று முழுக்க கேஸை மூடினோமா என்று திருகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தோசை கருகியது. அதைத்தான் ஆறுமுகசாமியால் தாங்க முடியவில்லை. மறுநாள் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆராய்ச்சிக் கூடத்துக்கே போய்விட்டார்.

"உட்காருங்கோ அண்ணாச்சி" என்றார் பத்மஜா.

"உக்காருததுக்கு வரல. ஒங்க பெட்டிக்கு நான் சுவத்துல ஆணி அடிச்சேன். நீங்க என் பொஞ்சாதி தலையில அடிச்சிட்டிய!"

பத்மஜா சுடலைமாடத்தியைப் பார்த்தார். "அன்னிக்கு என்னம்மா கேட்டா?"

"மூணு வார்த்தை சொன்னாவ. கொஞ்சம் பொறுத்து அதத் திருப்பிக் கேட்டாவ. நாற்காலி, தண்ணி, பூனை. சொன்னேனே!"

நீது குறுக்கிட்டாள். "கண்டோ மேடம்? ஞான் பறஞ்ஞது கசேர, வெள்ளம், பூச்ச. அதே வாக்கு தன்னே வேணம். மூணும் தெற்று."

அவள் சொன்ன அதே மலையாள வார்த்தை வர வேண்டுமாம்; தமிழில் சொன்னதால் மூன்றும் தப்பாம். இப்படியும் ஒரு சோதனை! கடையில் மலையாளிகள் "சேச்சி, கொறச்சு சூடுவெள்ளம்" என்பார்கள். இவள் உள்ளே திரும்பி "சுடுதண்ணி ஒண்ணு" என்று குரல் கொடுப்பாள். வந்த நாள் முதல் அப்படித்தான். காதில் விழுவது மலையாளம், வாயில் வருவது தமிழ். அதற்குப் பெயர் நோயாம்!

"தண்ணின்னா தப்பா?" ஆறுமுகசாமி மேசையைத் தட்டினார். "வெள்ளம்னா எங்கூர்ல ஆறு கரை ஒடஞ்சு வாரது! மூணையும் மனசுல வச்சு, பாஷையும் மாத்திக் கொடுத்திருக்கா. நீங்க ரெட்டை மார்க்குல்லா போடணும்!"

பத்மஜாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஆத்துல தமிழ் பேசிண்டு, எனக்கே இது தோணாமப் போயிடுத்தே. நீது, தமிழ்க்காரா எல்லாருக்கும் தமிழ்லயே மறுபடி வைக்கணும்."

"ரிசல்ட் அயச்சு போயல்லோ மேடம்!"

"அனுப்பினா என்ன? தப்புன்னு எழுதித் திரும்ப வாங்கறேன்."

அங்கேயே தமிழில் சோதனை நடந்தது. சுடலைமாடத்தி ஒன்றும் தவறவிடவில்லை. ஆறுமுகசாமி விடுவாரா? பத்மஜாவையே மகனிடம் பேசவைத்து, அவன் மன்னிப்புக் கேட்பதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்.

"ஆனா அண்ணாச்சி, சோதனைதான் தப்பு, பெட்டி தப்பில்லை" என்றார் பத்மஜா. "நான் அளந்த எடத்துலயே ஒங்க கடை வாசல்தான் மோசம். இவாளுக்கு இன்னிக்கு ஒண்ணுமில்லை. பின்னால வராதுன்னு என்னால சொல்ல முடியாது."

"அது இந்த ஊர்லயே நல்ல எடமாக்கும்!"

"புகைக்கும் அதான் நல்ல எடம்" என்றாள் சுடலைமாடத்தி.

மறுநாள் காலை ஆறுமுகசாமி வருவதற்குள் தோசைக்கல் பின்கட்டுக்குப் போயிருந்தது.

"ஏளா, மொகப்பு வெறிச்சுனு கெடக்கு! வாரவன் கடை பூட்டியாச்சுன்னு நெனைக்க மாட்டானா?"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "என்னைய அடுப்ப விட்டு நகத்த ஒங்க மவனாலயும் முடியல, ரிப்போர்ட்டாலயும் முடியல. அடுப்பு எங்க இருக்கணும்னு நான் சொல்லுதேன்."

ஆறுமுகசாமி வாசலுக்கு வந்தார். வெளியே ஒரு பஸ் நின்றபடியே உறுமிப் புகை கக்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அது அவருக்கு வியாபாரத்தின் சத்தம். இறங்கிப் போய் அதன் தகரத்தில் ஓங்கி அடித்தார்.

"வண்டி ஓஃப் செய்யடே!"

ஓட்டுநர் தலையை நீட்டினார். "அண்ணாச்சிக்கு எந்தா பற்றி, சுகமில்லே?"

"எனக்கு ஒண்ணும் பற்றல, நல்லாத்தான் இருக்கேன். அணைக்கப் பறஞ்சா அணைக்கணும்!"

ஓட்டுநர் அணைத்தார். பின்னாலேயே இன்னொரு பஸ் வந்து நின்று உறுமியது. ஆறுமுகசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.