கடதாசி ஏரம்புவின் சம்பளம்

1981இல் நான் நெடுங்கேணி நெல் மில் ஒன்றில் கிளாக்கர். பெயர் கனகலிங்கம். ஆறு வருடமாக ஒரே சம்பளம்; கூட்டிக் கேட்கும் துணிவு இல்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு கிரிக்கெட் அணிக்கே முதலாளி.

கடதாசி அணிதான். வீரன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அட்டை. பகடையில் எந்த இலக்கம் விழுந்தால் எத்தனை ஓட்டம் என்று அதில் எழுதியிருக்கும். ட்ரக்டர் ஓட்டும் மூக்கனுக்கு ஓர் அணி, பில் எழுதும் சிவனேஸ்வரிக்கு ஓர் அணி. வீரர்களுக்குச் சம்பளம் புளியங்கொட்டையில்; ஒரு சுற்றுக்கு ஓர் அணி மொத்தம் நூறு கொட்டைதான் செலவழிக்கலாம். என்னிடமிருந்த ஏரம்புவின் அட்டையில் மூன்று சிக்ஸர். ஒருமுறை எடுத்த வீரன் ஆயுள் முழுக்க அதே அணியில், அதே சம்பளத்தில்; அவனுக்கு ஐந்தே கொட்டை. விதிகளை எழுதியவன் நானல்லவா. அதுவரை ஆடிய மூன்று சுற்றும் நானே வென்றேன். அதை என் கிரிக்கெட் அறிவு என்று நம்பினேன்.

ஒருநாள் மூக்கன் சொன்னான்: “கிளாக்கர் ஐயா, ஏரம்பு பாவங்க. தேயிலைத் தோட்டத்துல எங்கப்பாவும் இப்பிடித்தான் ஒரே துரைகிட்ட கெடந்தாரு. அவன விடுங்க. கூடக் குடுக்கிறவங்ககிட்ட போகட்டும்.”

நியாயம் என்னைத் தொட்டது என்று சொல்ல ஆசை. உண்மையில், சிவனேஸ்வரி என்னைப் பெருந்தன்மைக்காரன் என்று நினைக்கவேண்டும் என்றுதான் சம்மதித்தேன்.

“அண்ணை, ஒராளை மட்டும் விட்டா மற்றாக்களுக்கு அநியாயமெல்லோ,” என்றாள் அவள். “எல்லாரையும் ஒரே நாளில விடுங்கோ.”

அதையும் அழகான கையெழுத்தில் விதியாக எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ஏலம். ஏரம்புவுக்கு மூக்கன் பத்து என்றான். நான் பதினைந்து. விட்டுக்கொடுக்க மனமில்லாமல் எழுபத்தொன்றில் எடுத்தேன். ஆத்திரத்தில் மூக்கன் அடுத்த ஆட்டக்காரனுக்கு எண்பதைக் கொட்டினான். சிவனேஸ்வரி வாயே திறக்கவில்லை. இப்போது மேசையில் முப்பத்தொரு வீரர்கள். எங்கள் இருவரிடமும் மிஞ்சியது ஆளுக்குப் பத்துப் பேரை ஒப்பேற்றவே காணாது; கையில் தாராளமாகக் கொட்டை உள்ளவள் அவள் ஒருத்திதான். முன்பு இருபது வாங்கியவர்களை ஒன்பதுக்கு எடுத்தாள். “வேற ஆரும் கூடக் கேக்கிறியளோ?” என்று மரியாதையாக விசாரிக்கவும் செய்தாள்.

அந்தச் சுற்றில் ஏரம்பு அடித்துக்கொண்டே இருந்தான். எதிர்முனையில் நிற்கத்தான் ஆளில்லை. பத்து ஆட்டமும் தோற்றேன்.

இருந்தும், ஒரு கடதாசித் துண்டின் சம்பளம் ஐந்திலிருந்து எழுபத்தொன்றுக்கு ஏறியது என்னை உசுப்பிவிட்டது. முதலாளி வீரகத்தியிடம் போய்ச் சம்பளம் கூட்டிக் கேட்டேன்.

“வேற ஆர் உமக்குக் கூடத் தாறன் எண்டவை?”

“ஒருத்தரும் இல்லை ஐயா.”

“அப்ப?”

நான் திரும்பி வந்து கதிரையில் இருந்தேன்.

பிறகு புத்தி வந்து மூன்று மில்லுகளுக்குக் கடிதம் எழுதினேன், எங்கள் மில்லில் எல்லாம் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று பெருமையடித்து. வவுனியாவிலிருந்து மட்டும் பதில் வந்தது. கிளாக்கர் தேவையில்லையாம், நான் புகழ்ந்திருந்த அந்தப் பில் எழுதும் பிள்ளை வருவாவோ என்று கேட்டிருந்தார்கள். இருநூறு ரூபாய் கூடுதலாக.

கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். அடுத்த மாதமே அவள் போய்விட்டாள். அவளுடைய வேலையும் என் தலையில் விழுந்தது. ஒரு வருடம் கழித்து முதலாளி தானாகவே ஐம்பது ரூபாய் கூட்டினார். அப்போதும் நான் கேட்கவில்லை.