பழைய பெட்டியை அணைத்தபோது கத்தாதவர்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கள்ளக்குறிச்சியில் ஓர் இணைய நிறுவனத்தில் கணினிப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே ஒரு பழைய டிஎன்எஸ் சர்வர் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. யாராவது ஓர் இணையப் பெயரைத் தட்டினால், அது எந்தக் கணினியில் இருக்கிறது என்று விலாசம் சொல்வதுதான் அதன் வேலை. அது நின்றால் அந்தப் பெயரில் பக்கம் திறக்காது, மெயிலும் போய்ச் சேராது.

புதியது வந்ததும் பழையதை அணைக்கச் சொன்னார் முதலாளி. இன்னும் நாற்பது பேர் அதை நம்பி இருக்கிறார்கள், முதலில் எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்று பட்டியலைக் காட்டினேன்.

“இன்னாடா எட்டாங்கிளாஸு, வூடு வூடா போயி பத்திரிகை வெக்கப் போறியா? புடுங்குடா. வேணும்ன்றவன் கத்திக்கினு வருவான். அவன் பேர மட்டும் புதுசுல ஏத்து.”

பிடுங்கினேன். முதல் நாள் சத்தமே இல்லை. “பாத்தியா?” என்று சிரித்தார். மற்ற கணினிகள் பழைய விலாசத்தைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அது தீர்ந்த பிறகுதான் கத்தல் தொடங்கும். மறுநாள் கச்சிராயபாளையம் அரிசி ஆலைக்காரர் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார். பிறகு வரிசையாக வந்தார்கள். கத்தியவர்களை எல்லாம் ஏற்றினேன்.

கடைசியில் கத்தாமல் நின்றது ஒரே பெயர். வெள்ளிமலையில் சாமை விற்கும் பெண்கள் குழு. சென்னைக் கடை ஒன்று அவர்களுக்கு மெயிலில்தான் ஆர்டர் அனுப்பும்; சந்தைக்கு இறங்கும் நாளில் பார்த்துக்கொள்வார்கள். போன் போட்டால் மலையில் சிக்னல் இல்லை. நானாகவே ஏற்றிவிடவா என்று முதலாளியிடம் கேட்டேன்.

“கத்தலன்னா வேணாம்னு அர்த்தம். குப்பையெல்லாம் புதுசுல சேத்த, அப்படியே வூட்டுக்குப் போய்க்கினே இரு.”

வேலை போய்விடுமே என்று ஏற்றவில்லை.

மூன்றாம் வாரம் குழுவின் தலைவி பஸ் பிடித்து இறங்கி வந்தார். சண்டை போடவில்லை.

“ஆர்டரே வரல தம்பி. இடிச்சி வெச்ச சாமைல வண்டு ஏறுது. மெயில்ல நான் எதனா தப்பா எழுதிட்டனா?”

முதலாளி என்னையே பார்த்தார்.

“கல்லு ஜாஸ்தின்னு நெனச்சிட்டாங்களோ இன்னாவோக்கா,” என்றேன்.

“மூணு வாட்டி பொடச்சோமே தம்பி.”

“அதான் சொல்றான் இல்ல,” என்றார் முதலாளி.

தலைவி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். “மன்னிச்சிக்கங்கன்னு கடைக்கு நீயே ஒரு மெயில் எழுதிக் குடு தம்பி.”

திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, குழுவின் பெயரைப் புதிய பெட்டியில் ஏற்றினேன். இரண்டு நிமிட வேலை. பிறகு மன்னிப்பைத் தட்டினேன்.

“இனிமே கல்லு இருக்காதுன்னு போடு,” என்றார் தலைவி.

போட்டேன்.