மீசை இல்லாத முப்பத்தேழு

பெங்களூர் பொம்மனஹள்ளி ராஜேஷ்குமாருக்கு இரண்டு வேலை. ஓசூர் ரோட்டு சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங், அதாவது அடுத்தவன் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பது. அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டுக்கு வந்தால், முப்பது வருஷத்துக்கு முன் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் கார்டுகளில் தப்பு கண்டுபிடிப்பது. அதற்குத் திட்டு உண்டு. மனைவி சிந்து அதை ஒருநாள்கூட பாக்கி வைத்ததில்லை.

"பொண்ணு பார்க்க வந்தப்போ என்னை அஞ்சு நிமிஷம் பார்த்தீங்களா? இந்த அட்டையை ஒன்றரை மணி நேரமா பார்க்கறீங்க!"

"இரும்மா, இவனுக்கு உதடு கன்னத்துல அச்சாகியிருக்கு" என்பார் ராஜேஷ்குமார், கண்ணிலிருந்து பூதக்கண்ணாடி லென்ஸை எடுக்காமலே.

விஷயம் இதுதான். ஒரே ஆட்டக்காரர், ஒரே படம். ஆனால் ஒரு தடவை அச்சடித்ததில் பின்பக்கம் நீலம், இன்னொரு தடவை பச்சை. ஒன்றில் ஓரக்கோடு தடிமன், இன்னொன்றில் சிவப்பு மை ஒரு நூல் விலகி, பாவம், உதடு கன்னத்துக்குப் போய்விட்டது. நமக்கு இதெல்லாம் குப்பை. சேகரிப்பவர்களுக்கு ஒவ்வொன்றும் தனி ரகம். பதினொரு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ராஜேஷ்குமார் இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு ரகங்களைப் பட்டியல் போட்டிருந்தார். பெங்களூரில் கார்டு சேர்க்கிறவர்கள் அதை 'லிஸ்ட்' என்றுதான் சொல்வார்கள். லிஸ்டில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த லிஸ்டுக்கே கிரீடம், முப்பத்தேழாம் நம்பர் கார்டின் 'சி' ரகம். முப்பத்தேழாம் நம்பர் ஒரு வேகப்பந்து வீச்சாளர். முகத்தில் பாதியை மீசையே அடைத்திருக்கும். 'ஏ'யிலும் 'பி'யிலும் மீசை இருக்கும், 'சி'யில் இருக்காது. உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். அதுவும் ராஜேஷ்குமார் ஆம்பூரில் பள்ளிக்கூடம் போன காலத்துப் பென்சில் டப்பாவிலிருந்து கிடைத்தது. 'கறுப்பு மைக்கான தகடு அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. காகித இழை சற்றே எழும்பியிருப்பதால் இது வேறு அச்சகத்தில், வேறு அட்டையில் அடித்தது' என்று அரைப் பக்கத்துக்கு விளக்கம் வேறு எழுதிவைத்திருந்தார். எழுதும்போது அவருக்கே புல்லரித்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஆம்பூரிலிருந்து தங்கை தர்ஷினி வந்தாள். மறுநாள் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரி மாடியில் சேகரிப்பவர்கள் கூடப்போகிறார்கள், லிஸ்டைப் புத்தகமாக அச்சுக்குக் கொடுக்கப்போகிறார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த 'சி'யைத் தங்கையிடம் நீட்டினார்.

தோசையை வாயில் வைத்துக்கொண்டே தர்ஷினி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

"அய்ய, இதை இன்னும் வெச்சிருக்கியாண்ணா? நான்தானே ரப்பரால அழிச்சேன்!"

"என்னாடி சொல்ற?"

"பபுள்கம்மை நீ தின்னுட்டு எனக்கு வெறும் அட்டையைக் காட்டின இல்ல? அந்தக் கோவம். எச்சி தொட்டுத் தேய்ச்சேன், மீசை கையோட வந்துடுச்சு. தாடியும் இருந்திருந்தா அதையும் எடுத்திருப்பேன்."

ராஜேஷ்குமார் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே ஓடி லென்ஸை வைத்துப் பார்த்தார். எழும்பிய காகித இழை, வேறு அச்சகம், வேறு அட்டை... அடப்பாவமே, ஒரு ஆறு வயசுக் குழந்தையின் ரப்பர்! அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்குப் போனதும் சொல்லிடுங்க" என்றாள் சிந்து.

"சொன்னா மீதி இருநூத்திப் பதினொண்ணை எவன் நம்புவான்? தங்கச்சி தேய்ச்சதையே கண்டுபிடிக்கத் தெரியாதவன் லிஸ்ட் போட வந்துட்டான்னு காறித் துப்புவாங்க."

அவ்வளவுதான், வாயைத் திறப்பதில்லை என்று முடிவு. தப்பைக் கண்டுபிடித்தே சோறு தின்னும் மனுஷன் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தப்பைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பேக்கரி மாடியில் இருபது பேர் இருந்தார்கள். தலைமை கோவிந்தப்பா, ஓய்வுபெற்ற கன்னட வாத்தியார். அவர் லிஸ்டைக் கையில் எடுத்த நேரத்தில், போட்டோவுக்கு பிரேம் போடும் கடை வைத்திருக்கும் கிளாரன்ஸ் எழுந்தார். பிரேசர் டவுன் பழைய ஆள், ராஜேஷ்குமாரின் லிஸ்டைக் கண்டால் பத்து வருஷமாக வயிறு எரிகிறவர்.

"ஒன் மினிட் மேன். 'சி' உன்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு நெனச்சியா?"

மேஜைமேல் ஒரு கார்டை வைத்தார். முப்பத்தேழாம் நம்பர். மீசை இல்லை.

"தொண்ணூத்தி மூணுல கோல்ஸ் பார்க் பக்கம் பெட்டிக்கடையில வாங்கின பபுள்கம்ல வந்தது. காட் ப்ராமிஸ்!"

கூட்டம் கை தட்டியது. இல்லவே இல்லாத ரகத்துக்கு இரண்டாவது பிரதி கிடைத்திருக்கிறது! ராஜேஷ்குமார் பேசாமல் இருந்தால் போதும், பொய் நிஜமாகிவிடும்.

"ராஜேஷ், நீங்களே நோடி, பார்த்துச் சொல்லிடுங்க சார்" என்று கோவிந்தப்பா கார்டை அவர் பக்கம் தள்ளினார். "நீங்க சொன்னா புஸ்தகத்துல போட்டுடலாம்."

லென்ஸை வைத்தார். அதே எழும்பிய இழை. ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ரப்பர் துகள் ஒன்று, நேற்று தேய்த்ததுபோல் புத்தம் புதுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்த பிறகு சும்மா இருக்க அவர் உடம்புக்குத் தெரியாது.

"இது ரப்பரால அழிச்சது" என்றார்.

"இன்னா மேன் சொல்ற?" கிளாரன்ஸ் பாய்ந்தார். "உன்னோடதும் டிட்டோ இப்படித்தானே இருக்கு!"

"என்னோடதும் ரப்பரால அழிச்சதுதான். என் தங்கச்சி அழிச்சா. உங்களோடதை யாரு அழிச்சாங்க?"

கோவிந்தப்பா சிரிக்க ஆரம்பித்தார், மாடியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் தனக்கு எவ்வளவு பங்கு, கிளாரன்ஸுக்கு எவ்வளவு என்று ராஜேஷ்குமாருக்குத் தெரியவில்லை. காது சுட்டது. பேனாவை எடுத்து லிஸ்டில் 'சி'யைக் குறுக்கே அடித்தார்.

கிளாரன்ஸ் சிரிக்கவில்லை. மேஜைமேல் கிடந்த தன் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கார்டு மேன் அது" என்றார் மெதுவாக. "முப்பது வருஷமா ஒரு கீறல் கிடையாது. லிஸ்ட்ல இருக்கேன்னு நம்பி முந்தாநாள் அழிச்சேன். நீ வந்தவுடனே சொல்லியிருந்தா நான் பாக்கெட்ல இருந்து எடுத்திருக்கவே மாட்டேன் இல்ல?"

திட்டியிருந்தால் தேவலை. ராஜேஷ்குமார் கையோடு கொண்டுவந்த ஆல்பத்தைப் புரட்டி, மீசையோடு இருந்த மூன்று முப்பத்தேழில் நல்லதாக ஒன்றை உருவி, "சார், இதை வெச்சுக்கோங்க" என்று நீட்டினார்.

கிளாரன்ஸ் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் ராஜேஷ்குமார் முகத்தையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை நாக்கில் தொட்டு, இந்த மீசையாவது அசலா என்று எல்லோர் முன்னாலும் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்தார்.