மழை நிற்கும் காட்சி

எங்கள் பங்குக் கோயிலில் நாடகம் போட்டால் மூன்றாம் காட்சிக்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நான் எழுதிய முதல் இரண்டு நாடகங்களுக்கும் அதுதான் நடந்தது. கோபித்துக்கொண்டு போனவர்கள் யாரும் இல்லை. மாடு கட்டணும் தம்பி என்று என்னிடமே சொல்லிவிட்டு மரியாதையாகத்தான் போனார்கள். முடிவு எல்லோருக்கும் தெரிந்தது. அதைச் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருப்பார். நடுவில் இருப்பதையாவது சுவையாகச் செய்தோமா என்றால் அதுவும் இல்லை. எங்கள் மேடையில் புனிதர்கள் மூச்சு விடாமல் நல்லதையே பேசினார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்பதற்குக்கூட "தாகமுற்றிருக்கிறேன், சகோதரனே" என்றார்கள். அப்படி எழுதியவன் நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால், படித்தது தெரிகிற மாதிரி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

நாடகம் மட்டும் என்றில்லை. அப்போது வந்துகொண்டிருந்த பக்திப் பாட்டு கேசட்டுகளில் பாதி சினிமா மெட்டு. கோயில் குழாய் ஒலிபெருக்கியில் மாதா பாட்டைப் போட்டால், களையெடுக்கிற பெண்கள் அந்த மெட்டின் பழைய வரிகளைத்தான் முணுமுணுப்பார்கள். இதற்கெல்லாம் உண்மையாகவே வருத்தப்பட்டவர்கள் ஊரில் இரண்டு பேர். ஒருவன் நான், இன்னொருவர் பங்குச் சாமியார். ஆனால் அவர் வேறு முடிவுக்கு வந்திருந்தார். அரூரில் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்குக் கிடைத்தன. வேதக் கதைப் படம் ஒன்றும் இருந்தது, வெள்ளைக்காரர்கள் தமிழ் பேசுகிற படம். அவர்கள் வாயை மூடின பிறகும் பேச்சு வந்துகொண்டே இருக்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்கு வாயும் பேச்சும் ஒன்றாகவே வருமே என்று நான் சாமியாரிடம் வாதாடினேன்.

கடைசியில் ஒரு வாய்ப்பு கொடுத்தார். ஆகஸ்ட் மாதா பண்டிகை அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம். கடைசிக் காட்சி முடிகிற வரை பாதிச் சனமாவது உட்கார்ந்திருந்தால் இனி வருஷா வருஷம் நாடகம். இல்லாவிட்டால் டெக்.

நான் வேதத்தில் வரும் பெருவெள்ளக் கதையை எடுத்துக்கொண்டேன். மழை பெய்து உலகம் மூழ்குகிறது, கிழவர் ஒருவர் பேழை கட்டித் தன் குடும்பத்தையும் உயிரினங்களையும் காப்பாற்றுகிறார். கடைசிக் காட்சியில் மழை நின்று வானவில் தோன்றும்போது அந்தக் கிழவர் நான்கு பக்கம் பேசுவார். அந்த நான்கு பக்கத்தைத்தான் முதலில் எழுதினேன். மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேர்வதற்கான வழி. அவ்வளவு நீளத்தை மனப்பாடம் செய்ய வேறு ஆள் கிடைக்காததால் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு நானே கிழவரானேன். டிராக்டர் டிரெய்லரைத் தார்ப்பாய் போட்டு மூடினோம், அது பேழை. மழை, கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரின் பொறுப்பு. எண்ணெய் டின்னில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினால் தூறல்; தகரத்தை ஆட்டினால் இடி.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். அந்த வருஷம் எங்கள் பக்கம் மழையே இல்லை. ஆனியில் விதைத்த கடலை, எங்கள் பேச்சில் கல்லக்கா, முளைத்ததோடு சரி. மழை பொய்த்தால் கூத்து கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அது பொழுதுபோக்குக்காக இல்லை. கூத்தில் நடந்தால் வானத்திலும் நடக்கும் என்று நம்பிக்கை. வேதக்காரர்களாகிய நாங்கள் அதற்கு வரி கொடுப்பதில்லை, ஆனால் ஒருத்தர் விடாமல் போய்ப் பார்ப்போம். பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் என்ன கதை என்று கேட்டார். மழைக் கதை என்றேன். வேதக்காரர்கள் மழைக்கூத்து கட்டுகிறார்கள் என்று அந்தப் பேச்சு சித்தேரி மலை வரைக்கும் ஏறிவிட்டது.

பண்டிகையன்று கோயில் வளாகத்தில் நிற்க இடமில்லை. மலையிலிருந்து வந்தவர்கள் மேளத்தோடு வந்திருந்தார்கள். மூன்றாம் காட்சி வந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் தாடிக்குள்ளே சிரித்துக்கொண்டேன். உயிரினங்களைப் பேழையில் ஏற்றுகிற காட்சிக்கு இரண்டு ஆடும் இரண்டு கோழியும் ஒரு நாயும் ஏற்பாடு செய்திருந்தோம். அவை ஏறி முடித்ததும் மலைக்காரர் ஒருவர் தன் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து, இதையும் ஏத்திக்கங்க சாமி என்றார். மறுத்தால் காட்சி கெட்டுவிடும் என்று ஏற்றிக்கொண்டேன். அதுதான் தப்பு. பின்னாலேயே வரிசை வந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் என் மூன்று மருமகள்களும், அதாவது சேலை கட்டிய மூன்று பையன்களும், இடமில்லாமல் பேழையைவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. கதைப்படி அவர்கள் மூழ்கியிருக்க வேண்டும். ஓரமாக நின்று கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

உபதேசியார் மழையை ஆரம்பித்தார். சனம் மொத்தமும் எழுந்து கைகூப்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. போதுமான அளவு பெய்த பிறகு உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் ஒரு எட்டு முன்னால் வந்து, கையை உயர்த்தி, நான்கு பக்கத்தின் முதல் வரியைச் சொன்னேன்.

"ஓய்ந்தது மாமழை!"

முன்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. என் அம்மாவின் குரல்.

"டேய், கைய எறக்கு."

நான் இறக்கவில்லை.

"கல்லக்கா வானம் பாத்துக் கெடக்குது. மழய நிறுத்தறதுக்கு நீ யாருடா?"

மழை நின்றதாகத்தான் வேதத்திலேயே இருக்கிறது என்று தாடி அசையாமல் மெதுவாகச் சொன்னேன்.

"எத்தினி நாள் கழிச்சி நின்னுதாம்?"

"நாப்பது நாள்."

"அப்பறம் என்ன அவசரம்? நாப்பது நாள் ஆவட்டும், நிறுத்திக்க."

அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை என்று சனம் தலையாட்டியது. உபதேசியாருக்குக் கை ஓய்ந்துபோனது. வேறொருவர் டின்னை வாங்கிக் குலுக்கினார், அவரிடமிருந்து இன்னொருவர். வீட்டுக்கு ஒரு ஆள் என்று அவர்களே வரிசை போட்டுக்கொண்டார்கள். மலைக்காரர்கள் மேளத்தால் இடி கொடுத்தார்கள். சாமியார் மைக்கைப் பிடித்து, இது வேண்டுதல் இல்லை, வெறும் நாடகம் என்று விளக்கினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சனம் ஆமென் போட்டது. நான் கன்றுக்குட்டிக்கும் நாய்க்கும் நடுவே நின்று, கையை உயர்த்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொழுது சாயும்போது அவரவர் உருப்படியை அவரவர் இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் கணக்கில் இல்லாத கோழி ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

மறுநாள் சாமியாரிடம் போனேன். யாருமே எழுந்து போகவில்லையே சாமி என்றேன்.

"வாஸ்தவம்தான்," என்றார். "ஆனா நாடகம் முடியலையே."

கடைசிக் காட்சி முடிகிற வரை என்பதுதான் பேச்சு. காட்சியே நடக்காதபோது அதன் கடைசி வரை எப்படி இருந்திருக்க முடியும்? நான் படித்தவன் என்பதால் அவர் பக்கம் நியாயம் இருப்பது எனக்குப் புரிந்தது. டெக்குக்குச் சொல்லிவிடப்போவதாகச் சொன்னார்.

அந்த வாரமே மழை பெய்தது, பாப்பிரெட்டிப்பட்டியில். டிரெய்லரின் முகம் அந்தப் பக்கம் பார்த்து நின்றதுதான் காரணம் என்று எங்கள் ஊரில் என்மேல் வருத்தப்பட்டார்கள். அப்புறம் எங்களுக்கும் கொஞ்சம் பெய்தது, கடலை பிழைத்தது. ஐப்பசியில் செடியைப் பிடுங்கிப் போட்ட அன்று மறுபடியும் ஆரம்பித்த மழை நிற்கவேயில்லை. ஐந்தாம் நாள் அம்மா நனைந்த செடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். காய்க்குள்ளேயே முளை விட்டிருந்தது.

"ஏந் தம்பி, மழ நிக்கற மாதிரி ஒண்ணு வெச்சிருந்தியே. அதப் போட்டுடறியா?"

நான் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து நான்கு பக்கத்தையும் எடுத்தேன். சாமியாரிடம் கேட்கப் போனால், எனக்கு முன்பே இருபது பேர் அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. மூடநம்பிக்கைக்குக் கோயிலைத் தரமாட்டேன் என்றார். பிறகு, நாடகம்தானே, அன்றைக்கு விட்டதை முடித்துவைக்கலாம் என்றார்.

சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு சனம் கோயிலுக்குள் வந்து நெருங்கி உட்கார்ந்தது. தாடியை எலி கொண்டுபோயிருந்தது, தாடியில்லாமலே நின்றேன். ஓடுமேல் மழைச் சத்தத்தில் உபதேசியாரின் டின்னுக்கு வேலையில்லை. நான் கையை உயர்த்தினேன். யாரும் இறக்கச் சொல்லவில்லை. நான்கு பக்கத்தையும் ஒரு வார்த்தை விடாமல், தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. வானவில் வந்த இடத்தில் சிலர் சன்னலைப் பார்த்தார்கள்.

முடிந்ததும் சாமியார் என்னிடம் வந்து, வெளியே கொட்டுகிறது, எங்கே எழுந்து போவார்கள் என்றார். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்.

"சரி, வர்ற வருஷமும் நாடகமே போடு. கதைய மட்டும் நான் சொல்றேன். தண்ணி இல்லாத கதையா இருக்கணும்."

மழை அதற்கப்புறமும் இரண்டு நாள் பெய்துவிட்டுத்தான் நின்றது. வெயில் வந்த அன்று களத்தில் கடலையைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், காட்சி எப்படி இருந்தது என்று கேட்டேன். என் எழுத்தைப் பற்றி அவளிடம் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குனிந்தபடியே யோசித்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு. நீ பேசறதக் கொஞ்சம் சுருக்கியிருந்தா இன்னும் ரெண்டு நாள் முந்தி நின்னிருக்கும்."