மாமன் பெயரில் மஞ்சள்

1. மஞ்சள்

கஸ்தூரி அம்மா அன்று காலை ஒன்பது மணிக்கு விழுப்புரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவர் கையில் தாம்பூலத் தட்டு இருந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய். அவற்றின் மேல் நான் மூன்று நாள் உட்கார்ந்து கையால் எழுதிக் கொடுத்த கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள் வைத்திருந்தார்கள். மேல் மூலையில் வைத்த மஞ்சள் தண்ணியாக இருந்திருக்கிறது. அது வழிந்து, யாரை அழைக்கப் போகிறார்களோ அவருடைய பெயர் மேலேயே இறங்கியிருந்தது. தங்க நிறத்தில் எழுதிய பெயர் சேறாகக் கிடந்தது.

"பேரே போய்டுச்சி சார்" என்றார்.

தப்பு என்னுடையது. நான் முப்பத்தொரு வருடம் சர்வே ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். வரைபடத்தில் ஊர்ப் பெயர், ஏரிப் பெயர், புல எண் எல்லாம் கையால் எழுதிய காலத்தில் சேர்ந்து, கம்ப்யூட்டரில் வரைந்து ரிட்டையர் ஆனேன். ஆபீசில் டிராயிங் இங்க். அது காய்ந்துவிட்டால் தண்ணீரில் போட்டாலும் கரையாது. ரிட்டையர் ஆன பிறகு கல்யாணம், காதுகுத்து, பணி நிறைவு விழா என்று எழுதித்தர ஆரம்பித்தபோது அரக்கு, தங்கம் என்று கலர் கேட்டார்கள். அதையெல்லாம் நானே வேலம்பிசின் தண்ணீரில் குழைத்துக்கொள்வேன். பார்க்க ஜோராக இருக்கும். ஈரம் பட்டால் கரைந்துவிடும்.

மஞ்சள் வைக்காத கல்யாணப் பத்திரிகை நம் பக்கத்தில் உண்டா? இது தெரிந்தும் நான் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. அந்த அம்மா விடிந்ததிலிருந்து முந்நூறு அச்சுப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவியவர், அதே கையோடு இதற்கும் தடவிவிட்டார். இப்போது யார் ஆர்டர் கொடுக்க வந்தாலும் மஞ்சள் வைப்பீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

2. ஒன்றே ஒன்று

ஆர்டர் கொடுக்க வந்த நாளிலேயே எனக்கும் அவருக்கும் கொஞ்சம் முட்டிக்கொண்டது. கஸ்தூரி அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கணவர் ஏழுமலை பஸ் கண்டக்டர். மகளுக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் அச்சுப் பத்திரிகை, கையால் எழுதியது ஒன்றே ஒன்று வேண்டும் என்றார்.

"ஒண்ணுக்காக கலர் கலக்க முடியாதுங்க. பத்தாச்சும் எடுத்துக்கோங்க."

"ஒண்ணு போதும் சார்."

"ஒண்ணு ஆயிரத்து ஐநூறு ஆகும்."

இந்த இடத்தில்தான் வழக்கமாக எல்லாரும் எழுந்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் இதே மாதிரி எழுத்து இருக்கிறதே, பத்து ரூபாய்க்கு எடுத்துக் கொடுக்கிறானே என்பார்கள். அப்படியானால் அங்கேயே போங்கள் என்று நானும் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கஸ்தூரி அம்மா எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து வைத்தார். தாய்மாமன் உயர்திரு தி. சிவக்கொழுந்து, திண்டிவனம் என்று இருந்தது.

"எங்க அண்ணன். பதினோரு வருசமா பேச்சு இல்ல" என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். அவருடைய அப்பா திருவேங்கடம் கடைசி இரண்டு வருடம் படுத்த படுக்கையாக இருந்தது இந்த மகள் வீட்டில்தான். அள்ளிப் போட்டதும் குளிப்பாட்டியதும் இவர்தான். அவர் போன பிறகு கருமாதிப் பத்திரிகை அடித்தார் அண்ணன். அதில் பிள்ளை என்று அண்ணன் பெயர் மட்டும் இருந்தது. மகள் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, பெண்பிள்ளை பெயர் போடுகிற வழக்கம் நமக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு முறிந்த உறவு.

"இப்ப எம் பொண்ணு மணவறையில ஒக்காரப் போறா. மாமன் மாலை போட ஆள் இல்லாம ஒக்காருவாளா சார்? அச்சுப் பத்திரிகையில பேனாவால பேர கிறுக்கி நீட்டினா அவரு வரமாட்டாரு. எங்க அண்ணன எனக்குத் தெரியும்."

நான் பேரம் பேசுகிறவர்களிடம்தான் முறைப்பேன். இவரிடம் என்ன பேசுவது? வானூர் பக்கம் செய்கிற கைக்காகிதம் கொஞ்சம் வைத்திருந்தேன். அதில் நல்லதாக எடுத்தேன்.

3. ராகு காலத்துக்குள்

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் திண்டிவனத்தில் அண்ணன் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அடுத்த புதன் கல்யாணம். இடையில் அழைக்க வேறு நல்ல நாள் இல்லை. விழுப்புரத்திலிருந்து காரில் போனால்கூட ஒரு மணி நேரம் ஆகும். முழுப் பத்திரிகையை மறுபடி எழுத இரண்டு நாளாவது வேண்டும்.

எனக்கு ஒரு பழக்கம். எதையும் இரண்டு தாளில் சேர்த்தே எழுதிக்கொண்டு வருவேன். பெயர் வரியைக் கடைசிக்கு நிறுத்திவைப்பேன். எந்தத் தாள் நன்றாக வந்திருக்கிறதோ அதில் பெயர் ஏறும். மற்றது பெயர் இல்லாமல் பீரோவில் கிடக்கும். அந்தத் தாள் இருந்தது. ஆனால் பெயர் ஒன்றை மட்டும் எழுதிக் காயவைக்கவே, கோடு போட்டு, கலர் கலக்கி, முக்கால் மணியாவது ஆகும். அதுவரை காத்திருந்தால் ராகு காலம் வந்துவிடும்.

ஏழுமலைதான் வழி சொன்னார். கண்டக்டர் மூளை. "வூட்டுக்குள்ள காலு வக்கிறதுதான சார் பத்தரைக்குள்ள? பேரு அங்க ஒக்காந்துகூட எழுதிக்கலாம். ஜல்தியா கெளம்புங்க."

அடுத்தவர் வீட்டில் போய், அதுவும் சண்டைக்கார வீட்டில் போய் எழுதுவதா என்று கோபம்தான் வந்தது. தப்பு என் பக்கம் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். பிளைவுட் பலகை, நிப், பென்சில், தங்கப் பொடி, டிராயிங் இங்க் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் இரவல் வாங்கி வந்த காரில் ஏறினேன். வழியெல்லாம் கஸ்தூரி அம்மா தட்டை மடியில் பிடித்தபடியே வந்தார்.

4. தி. சிவக்கொழுந்து

சவுக்குக்கட்டை டெப்போவும் வீடும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. நாங்கள் நுழைந்தபோது பத்து அடித்து ஐந்து நிமிடம். சிவக்கொழுந்துவுக்கு அறுபது வயது இருக்கும். தோளில் துண்டோடு எழுந்து, "வாங்க மாப்ள" என்றார் ஏழுமலையைப் பார்த்து. தங்கையைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அவர் மனைவிதான், "வா கஸ்தூரி" என்றார்.

"இவரு யாரு?"

"பத்திரிகை எழுதறவரு மச்சான்" என்றார் ஏழுமலை.

"எழுதாமலா எடுத்துகினு வந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. கஸ்தூரி அம்மா மஞ்சள் பட்ட தாளை எடுத்துக் காட்டினார். "உன் பேரு மேல மஞ்சத் தண்ணி வழிஞ்சிடுச்சிண்ணா. அழிஞ்ச பேர உங்கிட்ட நீட்டக் கூடாதுன்னு இவர கையோட கூட்டிகினு வந்தோம்."

"ஊருக்கெல்லாம் அச்சடிச்சதுதான? எனக்கு மட்டும் இன்னாத்துக்கு இது?"

"அச்சுல ஒரு பேரு வுட்டுப் போனாலும் யாருக்கும் தெரியாதுண்ணா."

 எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. சிவக்கொழுந்து கொஞ்ச நேரம் தங்கையைப் பார்த்தார். பிறகு, "எழுதணும்னா எழுதச் சொல்லு" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

மேஜை கேட்டேன். ஃபேனை நிறுத்தச் சொன்னேன், ஓடினால் தாள் தூக்கும். வைகாசி மாத வெயில், மேலே சிமென்ட் கூரை. இரண்டே நிமிடத்தில் எல்லாரும் வேர்த்துக் கொட்டினோம். மேஜை ஆடியது, மேலே வைத்த பலகையும் ஆடியது. இந்த மூலையை யாராவது பிடியுங்கள் என்றேன். கஸ்தூரி அம்மா பலகையின் ஒரு மூலையைப் பிடித்தார். எதிர் மூலை இன்னும் ஆடியது. சிவக்கொழுந்துவே வந்து அதைப் பிடித்தார்.

கோடு போட்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் எவ்வளவு இடம் என்று பென்சிலால் புள்ளி வைத்தேன். தங்கப் பொடியைக் குழைத்தேன். முதலில் இனிஷியல். அப்பா பெயரின் 'தி'. பட்டை நிப்பை வைத்து இழுக்கும்போது மூச்சு விடக் கூடாது, விட்டால் கோடு நடுங்கும். நான் மூச்சை அடக்கினால் அவர்களும் அடக்கினார்கள். நான் விட்டால் அவர்களும் விட்டார்கள். டெப்போவிலிருந்து ஓர் ஆள் லோடு விஷயமாக ஏதோ கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். சிவக்கொழுந்து தலையைத் தூக்காமலே கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அவன் அப்படியே நின்று பார்க்க ஆரம்பித்தான்.

என் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு சொட்டு விழுந்தால் எல்லாம் போச்சு. எனக்கோ இரண்டு கையும் வேலையில். அப்போது என் நெற்றியில் ஒரு துண்டு ஒற்றியது. சிவக்கொழுந்து தன் தோள் துண்டை எடுத்து, கல்யாண மாப்பிள்ளைக்கு ஒற்றுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக என் முகத்தை ஒற்றிக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முறை ஒற்றினார். நான் கேட்கவே இல்லை.

'ழு'வில் நிப்பைத் திருப்பி அடிச்சுழியை வளைத்தபோது, "யப்பா" என்று அவருக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

எத்தனையோ பெயர் எழுதியிருக்கிறேன். தன் பெயர் உருவாவதைப் பார்க்கிறவர் முகத்தை மட்டும் அதுவரை பார்த்ததில்லை. என் கண் எப்போதும் தாளில்தான் இருக்கும். அன்று நிப்பைத் தோய்க்கும்போது இரண்டு மூன்று தடவை நிமிர்ந்து பார்த்தேன். அறுபது வயது மனிதர், கண் கொட்டாமல், வாய் லேசாகத் திறந்தபடி, சாமி புறப்பாடு பார்க்கிற முகத்தோடு நின்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. நான் எழுதுவதற்கு இவ்வளவு சக்தி உண்டென்று எனக்கே தெரியாது.

பத்து இருபத்தைந்துக்கு முடித்தேன். காய்வதற்குள் யாரும் தொடக் கூடாது என்றேன். பலகையோடு தூக்கித் தட்டின் மேல் வைத்தோம். அண்ணனும் அண்ணியும் சேர்ந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

"ஒக்காரு கஸ்தூரி" என்றார் சிவக்கொழுந்து. அந்த வீட்டில் அன்று அவர் தங்கையிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். பிறகு, "மாமன் மாலை எத்தினி மணிக்கு எடுத்துகினு வரணும்?" என்று ஏழுமலையைக் கேட்டார். கஸ்தூரி அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

5. இன்னொரு பெயர்

நான் சாமான்களைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சிவக்கொழுந்து உள்ளே போய் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பட்டா, பத்திரம் எல்லாம் போட்டு வைக்கிற ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். அதற்குள்ளிருந்து பழைய அட்டை ஒன்றை உருவி என் முன்னால் வைத்தார். மேலே ஒரு பெரியவர் படம். அவர்கள் அப்பாவின் கருமாதிப் பத்திரிகை.

அவர் மனைவி பதறிவிட்டார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இத்தயா எடுக்கறது? அதுவும் ராகு காலம் பொறந்துடுச்சி."

"நல்லது பண்ணத்தான் நேரம் பாக்கணும். தப்பத் திருத்தறதுக்கு இன்னாத்துக்கு?" என்றவர் என்னிடம் திரும்பி, "எம் பேருக்குக் கீழ எடம் இருக்குது சார். இவ பேர எழுதுங்க" என்றார்.

"வேணாம்ணா. அதான் முடிஞ்சி போச்சே" என்றார் கஸ்தூரி அம்மா.

"நீ சும்மா இரு."

வழவழப்பான ஆர்ட் கார்டு. அதில் மை ஒட்டாது, உருண்டு ஓடும். அவர்கள் வீட்டில் சாக்பீஸ் வாங்கிப் பொடி செய்து, பஞ்சால் அந்த இடத்தை மட்டும் தேய்த்தேன். டிராயிங் இங்க் பாட்டிலைத் திறந்தேன். இனிஷியல் என்ன போடுவது என்று கேட்டேன். அந்த அம்மா கல்யாணம் ஆனதிலிருந்து 'ஏ. கஸ்தூரி'. கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

கஸ்தூரி அம்மா வாய் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார். "தி போடுங்க. அது எங்க அப்பா கார்டு."

தி. கஸ்தூரி. அச்சு எழுத்தின் அளவுக்கே சிறிதாக எழுதினேன்.  

காரில் வரும்போதே ஒரு முடிவு செய்திருந்தேன். என் தப்பினால் வந்த வேலை, இன்றைக்குக் காசு வாங்குவதில்லை என்று. சிவக்கொழுந்து எவ்வளவு என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கஸ்தூரி அம்மா பையைத் திறந்து, "நான் குடுத்துக்கறேண்ணா" என்றார்.

சிவக்கொழுந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "எம் பேர எழுத நீ குடுத்த இல்ல? உம் பேருக்கு நான் குடுக்கறேன்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் தங்கைக்குக் கொடுக்க வந்ததை நான் பிடுங்கிக்கொண்டவனாக ஆகியிருப்பேன். இருநூறு ரூபாய் என்றேன். எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் கூலியைக் கூச்சப்படாமல் கேளுங்கள், கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்களுக்காக மட்டும் கொடுக்கிற காசு இல்லை.